அஷ்டமிக்கு முந்தின நாள் தொடங்கிய சீட்டு

மதுரையிலிருந்து வந்திருந்த அக்காவுக்குச் சிங்கப்பூரைச் சுற்றிக்காட்ட, ஐந்து இடங்களுக்குச் சேர்த்து எங்கள் இருவருக்கும் ஒரே நுழைவுச்சீட்டு வாங்கினேன். புதன்கிழமை காலையில் ஈசூனில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்புவதாகத் திட்டம்.

"நாளைக்கு அஷ்டமிடா. இன்னைக்கே ஒரு இடத்துல ஆரம்பிச்சு வச்சிருவோம்," என்றாள் அக்கா. செவ்வாய் மாலை நாலே முக்காலுக்கு, லிட்டில் இந்தியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் சீட்டைக் காட்டி நுழைந்தோம்.

முதல் நுழைவிலிருந்து இருபத்து நான்கு மணி நேரம்தான் சீட்டு செல்லும். அதை மறுநாள் மதியம்தான் படித்தேன். அக்கா ஆசைப்பட்டது ஆர்க்கிட் தோட்டத்துக்கு. ஆனால் போகும் வழியில் இருந்த நான்காவது இடத்தையும் விட எனக்கு மனம் வரவில்லை.

தோட்டத்து வாசலை அடைந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. எங்களுக்கு முன்னால் முப்பது பேர். தனியாக டிக்கெட் எடுத்தால் வீண் செலவென்று அக்கா உள்ளே வரவே மாட்டாள். மறுநாள் காலையில் அவளுக்கு விமானம்.

"போய்க் கேளுடா. வாயில என்ன கொழுக்கட்டையா?"

கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூசுகிறவன் நான். வரிசையைத் தாண்டிப் போய், வாயிலில் நின்ற தமிழ்ப் பெண்ணிடம் சீட்டை நீட்டினேன்.

"இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு லா, அங்கிள்! ஆன்ட்டியக் கூப்பிடுங்க, சீக்கிரம். உள்ள வந்துட்டா மூடுற வரைக்கும் இருக்கலாம்."

சீட்டைக் காட்டிய கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. முதல் பூவின் முன்னாலேயே அக்கா நின்றுவிட்டாள். அன்று வேறெங்கும் அவள் அப்படி நிற்கவில்லை. நான் நிற்க விடவில்லை.