பால் பாக்கெட்டும் பதினோராவது துளையும்

நாற்பத்தாறாவது வயதில் நான் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்ததற்கு ஒரே காரணம், அது படுத்துக்கொண்டே ஆடக்கூடிய விளையாட்டு என்பதுதான். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, ஏதாவது விளையாடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஷட்டில் ஆட முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நீந்தலாமே என்றார். நீச்சலுடையில் என்னைப் பார்க்கும் தண்டனையை ஊருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அப்போதுதான் எங்கள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு வந்த ஒருவர் இந்தக் கிளப்பைப் பற்றிச் சொன்னார். பாயில் குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் காகிதத்தைச் சுட வேண்டும். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். என்னைப் போன்ற சோம்பேறி ஒருத்திதான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் அக்கிரகாரத் தெருவுக்கு இது பெரிய செய்தி. அங்கே துப்பாக்கி என்பது தீபாவளிக்குக் கேப் வெடிப்பதோடு முடிந்த சமாசாரம். எதிர்வீட்டு மாமா மட்டும் ஆர்வமாக விசாரித்தார். அவர் வீட்டு மச்சில் ஒரு மரநாய் குடியிருந்தது. அதைச் சுட்டுத் தர முடியுமா என்று கேட்டார். துப்பாக்கி கிளப்பிலேயே பூட்டி வைக்கப்படும், மரநாயைச் சுட்டால் என்னைப் பூட்டி வைப்பார்கள் என்று சொன்னதும் அவருக்கு என் மேல் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்தது.

இந்த விளையாட்டுக்கு ஒரு கோட்டு உண்டு என்பதைச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். கெட்டியான கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த கோட்டு. உடம்பு ஆடாமல் பிடித்துக்கொள்வதற்காக விறைப்பாக, இறுக்கமாக இருக்கும். பனி பெய்யும் தேசத்தில் யாரோ யோசித்துச் செய்தது. அதைத் திருவனந்தபுரத்தின் ஏப்ரல் மாதத்தில் போட்டுக்கொள்வதென்பது, மெத்தையைச் சுற்றிக்கொண்டு இட்லிக் கொப்பரைக்குள் இறங்குவதற்குச் சமம். தோய்க்கவும் கூடாது. புதிதாக விலை கொடுக்க மனமில்லாமல், ஆட்டத்தை விட்டுப்போன ஒருத்தரின் பழைய கோட்டை நான் வாங்கியிருந்தேன். அதில் அவருடைய வியர்வையும் என்னுடைய வியர்வையும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தின. வீட்டில் அதை மொட்டை மாடியோடு சரி, உள்ளே அனுமதித்ததில்லை.

அந்த வருஷம் கிளப் போட்டியைக் கோடையின் உச்சத்தில் வைத்தார்கள். நகரத்துக்கு வெளியே, வெட்டுக்கல் எடுத்துத் தீர்ந்துபோன ஒரு பள்ளம்தான் எங்கள் மைதானம். மூன்று பக்கமும் செக்கச்செவேல் என்று கல்சுவர். காற்று உள்ளே வர யோசிக்கும். சுடுகிறவர்களின் தலைக்கு மேல் தகரக் கூரை. காலையில் தலைவர் பேசினார், பிறகு செயலாளர் பேசினார், பிறகு தலைவருக்கு நன்றி சொன்னார்கள். பெண்கள் பிரிவு தொடங்கும்போது வெயில் உச்சந்தலைக்கு வந்துவிட்டது.

எனக்குப் பக்கத்துப் பாயில் ஒரு பல் டாக்டர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம், கிளினிக் நகரத்தில். ஒவ்வொரு போட்டியிலும் எனக்கு ஒரு இடம் முன்னால் வருவதை அவள் வழக்கமாக வைத்திருந்தாள். வெயிலைச் சமாளிக்க அவளிடம் சாஸ்திரோக்தமான ஏற்பாடுகள் இருந்தன. ஈரத் துண்டு, குடிதண்ணீரில் கலக்கும் உப்புப் பொடி, பேட்டரியில் ஓடும் குட்டி விசிறி. என்னிடம் இருந்த ஏற்பாடு என் கணவர்தான்.

ஐஸ் கொண்டுவரும் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். கோட்டுக்கு உள்ளே, டி ஷர்ட்டின் மேல் ஐஸ் பை கட்டிக்கொண்டு படுத்தால் முதல் அரை மணி நேரமாவது தப்பிக்கலாம் என்பது என் திட்டம். என் முறை வந்ததும் அவர் பையைத் திறந்து எடுத்தது இரண்டு பால் பாக்கெட். கல்லாக உறைந்திருந்தன.

"ஐஸ் ட்ரேல ஒண்ணுமில்லை, நீ ரொப்பி வைக்கலை," என்றார். "இது ரெண்டும் ஃப்ரீஸர்ல கெடந்தது. நமக்குத் தணுப்பு வேணும், அவ்வளவுதானே?"

அங்கே நின்று தர்க்கம் செய்ய நேரமில்லை. ஒரு பாக்கெட்டை இடுப்பில், முதுகுப் பக்கமாகத் துண்டால் கட்டிக்கொண்டேன். இன்னொன்றை அவரிடமே விட்டேன். கோட்டை மாட்டிப் பொத்தான்களைப் போட்டுக் குப்புறப் படுத்தேன்.

முதல் பத்து நிமிஷம் சொர்க்கம். முதுகெலும்பு வழியாக ஒரு குளிர்ச்சி மெதுவாக ஏறியது. இப்படிப்பட்ட ஒரு மனுஷரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெருமைப்பட்டேன். குண்டுகள் கறுப்பு வட்டத்தின் நடுவிலேயே போய் விழுந்தன.

பிறகு வெயில் தன் வேலையைத் தொடங்கியது. தகரக் கூரை தகித்தது. தரையிலிருந்து எழுந்த கானலில் காகிதத்து வட்டம், தண்ணீருக்குள் கிடக்கும் காசு மாதிரி நெளிந்தது. நெளிகிற வட்டம் எந்தப் பக்கம் நிற்கும் என்று காத்திருந்தால் மூச்சு முட்டியது. துப்பாக்கிக் குழாயைத் தொட்டால் தோசைக் கல்லைத் தொட்டது போல் இருந்தது. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. இதற்கிடையே துண்டு தளர்ந்து, இளகிய பால் பாக்கெட் முதுகிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்ந்து, அங்கிருந்து வயிற்றுக்கு அடியில் வந்து சேர்ந்தது. என் எடையைப் பற்றி இங்கே விவரமாகச் சொல்ல விருப்பமில்லை. பாக்கெட் சொல்லிவிட்டது.

அது வெடித்தபோது சத்தம் வரவில்லை. வயிற்றில் ஒரு ஜில்லிப்பு பரவியது, அவ்வளவுதான். பிறகு கோட்டின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு ஓடை கிளம்பிப் பாயைத் தாண்டிச் சிமெண்ட் தரையில் ஓடியது. எங்கள் நடுவர், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மலையாளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வந்தவர் என் காலருகே நின்றார். பனிமலையிலும் பாலைவனத்திலும் வேலை பார்த்தவர். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"சேச்சி, இதெந்தா, பாலோ?" என்று கேட்டார்.

பால்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? கோட்டுக்குள் உடம்புக்கு முட்டுக்கொடுக்கும் பொருள் எதையும் வைக்கக் கூடாது என்பது விதி. அவர் குனிந்து பார்த்து, சிறிது யோசித்து, பால் திரவம், அது யாருக்கும் முட்டுக்கொடுக்காது என்று தீர்ப்பளித்தார். எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு, ஓடையைக் கவனமாகத் தாண்டிப் போனார்.

எறும்புகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. கண்ணில் உப்பு, வயிற்றில் பால், முழங்கையில் எறும்பு. ஒருமுறை தலையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் குறி பார்த்தேன். அந்த ஒரு நொடியில் வட்டம் அசையாமல் நின்றது. விசையை அழுத்தினேன். அழுத்தியபோதே தெரிந்துவிட்டது, நடுப்புள்ளிதான். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக நான் சுட்டதில்லை.

பக்கத்துப் பாயில் பல் டாக்டர் தன் கடைசிக் குண்டைச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். அவள் முகம் சிவந்திருக்கவில்லை, வெளுத்திருந்தது. வியர்வையும் நின்றுபோயிருந்தது.

"அக்கா, எனக்கு ஒரு மாதிரி வருது, கேட்டியளா," என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். இரண்டாவது கால் ஊன்றுவதற்குள் அப்படியே பாய் மேல் சரிந்தாள்.

நடுவர் விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். என் குண்டுகளும் அப்போது தீர்ந்திருந்தன; துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நான் அவள் பக்கம் ஊர்ந்துபோனேன். அவள் கோட்டின் பொத்தான்கள் என் கைக்கு வசப்படவில்லை. அதுவரை சிரிப்பாக இருந்த வெயில் அப்போது சிரிப்பாக இல்லை. தலைவர் தண்ணீர், தண்ணீர் என்று சொல்லிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். என் கணவர்தான் தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தார். நானும் அவரும் சேர்ந்து கோட்டைக் கழற்றினோம். அவளை வேப்ப மரத்து நிழலுக்குத் தூக்கிப்போனதும், மிச்சமிருந்த இன்னொரு பால் பாக்கெட்டை அவள் கழுத்திலும் கக்கத்திலும் மாற்றி மாற்றி ஒற்றினார். நான் ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டே அவளுடைய குட்டி விசிறியைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். டாக்டராயிற்றே, தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகுதான் கழுத்தில் இருப்பது என்ன என்று பார்த்தாள்.

"இது கொழுப்பு நீக்கின பாலா?" என்று கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்று புரிந்தது.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவர் காகிதங்களுடன் வந்தார். அவர் முகத்தில் சங்கடம். பத்துக் குண்டுக்கு ஒரு காகிதம் என்பது கணக்கு. என் கடைசிக் காகிதத்தில் ஒன்பது துளைகள். பல் டாக்டரின் காகிதத்தில் பதினொன்று.

கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்ப நான் பார்த்தது என் காகிதத்தை இல்லை. என் வாழ்க்கையின் மிக அழகான குண்டை அடுத்தவள் காகிதத்தில் சுட்டிருக்கிறேன்.

விதிப் புத்தகத்தை நடுவர் எங்களுக்கு விளக்கினார். தப்பான காகிதத்தில் சுட்டவருக்கு அந்தக் குண்டு பூஜ்யம். கூடுதல் துளை வாங்கியவரின் காகிதத்தில் எது யார் சுட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், அவருக்கு இருப்பதிலேயே உயர்ந்த எண்களைக் கொடுத்துவிட வேண்டும். அதாவது நடுப்புள்ளிக்கு உரிய என் பத்து அவளுக்கு. அவளுடைய மோசமான ஒன்று யாருக்கும் இல்லை. அதை வைத்து அவள் அன்றைக்கு முதலிடம். நான் வழக்கத்தைவிடவும் கீழே.

பல் டாக்டர் நாற்காலியிலிருந்தபடியே நடுவரிடம் மலையாளத்தில் வாதாடினாள். நான் சுடாத பத்து எனக்கெதற்கு, சுட்டவருக்கே கொடுங்கள் என்றாள். அவர் அசையவில்லை. அவளிடம் இதற்கு மேல் சக்தி இல்லை என்று தெரிந்து நானே சமாதானம் சொல்லி நிறுத்தினேன். உள்ளுக்குள் வயிறு எரிந்தது, பால் ஊற்றியும் அணையவில்லை.

மெடலை வாங்க அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மேடைக்கு வந்தாள். திரும்பி வரும்போது காரை என் கணவர் ஓட்டினார். கரமனைப் பாலம் தாண்டியதும், "பாலும் குடுத்தோம், பத்தும் குடுத்தோம். வேற ஏதாவது குடுக்கணும்னா பறஞ்சிடு," என்றார். புளித்துப்போன கோட்டு டிக்கியில் இருந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் எங்களைக் கல்லாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் டீ குடிக்க நிற்கும் இடம். ஆற்றில் தண்ணீர் குறைவு. உருண்டைக் கற்களுக்கு நடுவே முழங்கால் அளவுதான். நாங்கள் இருவரும் சுடிதாரோடு அப்படியே போய் உட்கார்ந்தோம். நீச்சலுடை பற்றிய என் பயத்தை அவளிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அம்மா போனில் திட்டியதைச் சொன்னாள். இத்தனை படித்துவிட்டு வெயிலில் போய் மயங்கி விழவா என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்னே?"

"அடுத்த மாசமும் ஒரு மேட்ச் இருக்குன்னு சொன்னேன் அக்கா. போனை வச்சுட்டாங்க."

என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்து, நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரியைத் தின்றுகொண்டிருந்தார். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டத் தொடங்கினார். முதல் துளிகள் பெரிது பெரிதாகத் தண்ணீரில் விழுந்தன. என் கணவர் பழம்பொரிப் பொட்டலத்தைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு ஓடினார். ஆறு பெருகுவதற்குள் எழுந்து வந்துவிடுங்கள் என்று கடைக்காரர் கூப்பிட்டார். வருகிறோம் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் நனைந்தோம்.