தீச்சட்டி எடுத்தவள் கோர்ட்டில் சொன்னது

ஒரு வருஷத்துக்கு மேலாக நான் நம் மாரியம்மன் கோயில் வாசற்படியைத் தாண்டாமலே இருந்தேன். செவ்வாய்க்கிழமை விளக்குப் பூஜைக்கு ஒரு நாள் தவறாமல் வந்தவள் எங்கே போனாள் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். இடுப்பு வலி என்றேன். வெயில் என்றேன். உண்மையில் எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்று, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவேன். உள்ளே வர எனக்குத் தகுதியில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அக்கா தங்கச்சிகளே, ஒச்சம்மாளாகிய நான் அந்தக் கதையை இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோர்ட்டிலேயே சொன்னவளுக்கு இங்கே சொல்ல என்ன?

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாதம். அப்போது கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், அங்கேயே குடும்பம். எனக்கு அந்தக் கம்பெனிதான் பேச்சுத்துணை. அன்றைக்கு வேலை முடிந்து பஸ் ஏற ரோட்டைக் கடந்தேன். ஒரு லோடு வேன் வந்து மோதியது. "ஆத்தா" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. இடுப்பு எலும்பு உடைந்துபோனது. பிழைப்பேனா என்றே தெரியாது என்று பேசிக்கொண்டார்களாம். உசிலம்பட்டியிலிருந்து என் அக்கா பேச்சியம்மாள் வந்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். தங்கச்சியைப் பிழைக்க வைத்தால் அவளே தீச்சட்டி எடுப்பாள் என்று அவள்தான் ஆத்தாளிடம் நேர்ந்துகொண்டாள்.

பிழைத்தேன். வாக்கரைப் பிடித்து நடந்தேன், பிறகு கம்பு, பிறகு கை வீசி நடந்தேன். டாக்டருக்கே ஆச்சரியம். தெருவே ஆத்தா கொடுத்த உயிர் என்றது. நானும் அதையேதான் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் ஒன்று மட்டும் சரியாகவில்லை. என்னால் சிறுநீரை அடக்க முடியவில்லை. இருமினால் வந்துவிடும். தும்மினால் வந்துவிடும். தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கினால் வந்துவிடும். சில நாள் சும்மா நிற்கும்போதே சேலை நனைந்துவிடும். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டிருந்ததால் இப்படி இருக்கும், நாள்பட நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பேச்சி ஒருநாள் பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என்ன ஈரம் என்று கேட்டாள். சொம்பு கவிழ்ந்துவிட்டது என்றேன். அவள் ஊருக்குக் கிளம்பியபோது அழுதாள். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. அவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்ட கூடப்பிறந்தவள் எப்போது போவாள் என்று காத்திருந்தேன் என்றால், என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்குத் திரும்பப் போகவில்லை. இங்கே விளாங்குடியிலிருந்து கப்பலூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவ்வளவு நேரம் என்னால் தாங்காது. வீட்டிலேயே சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுத்தேன். துணிகளை வெளிக்கொடியில் போடாமல் அறைக்குள் ஃபேனுக்குக் கீழே காயப்போட்டேன். எங்கேயாவது போக வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்வான். நல்லா இருக்கியாம்மா என்பான். நல்லாருக்கேன்டா என்பேன். அதற்குமேல் எங்களுக்குப் பேச எதுவும் இருக்காது. போனை வைத்துவிட்டால் அடுத்த ஞாயிறு வரைக்கும் என் குரலை நானே கேட்க மாட்டேன்.

பங்குனித் திருவிழாவில் நேர்த்திக்கடனைச் செலுத்தினேன். மஞ்சள் சேலை கட்டி, உள்ளே துணி மேல் துணியாக வைத்துக்கொண்டு தீச்சட்டி எடுத்தேன். நான் தண்ணீர்கூடக் குடிக்காததைப் பார்த்துவிட்டு, விரதம் என்றால் இதுதான் விரதம் என்று மெச்சினீர்கள். கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எனக்கு வந்துவிட்டது. கையில் நெருப்பு. நிற்கவும் முடியாது, ஓடவும் முடியாது. நல்லவேளை, அந்த நேரம் தெருவில் இருந்த நீங்கள் வழக்கம்போல என் காலில் குடம் குடமாக மஞ்சத்தண்ணி ஊற்றினீர்கள். எல்லாம் ஒரே ஈரமாகிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே. ஆத்தாளின் சட்டியைத் தீட்டாக்கிவிட்டேன் என்று அன்றைக்கு வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அதன்பிறகுதான் கோயிலுக்குள் வருவதை நிறுத்தினேன். மனிதர்களிடமிருந்து ஒளிந்துகொண்டவள், கடைசியில் அவளிடமிருந்தும் ஒளிந்துகொண்டேன்.

இதற்கிடையில் விபத்துக் கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. இடுப்பு எலும்பு, ஆபரேஷன், விட்டுப்போன வேலை எல்லாவற்றையும் எங்கள் வக்கீல் மனுவில் எழுதிவிட்டார். வேறு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று அவரும் கேட்கத்தான் செய்தார். மேஜையைச் சுற்றி நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றுமில்லை சார் என்றேன். வேன் கம்பெனியின் இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார், உனக்கு எல்லாம் குணமாகிவிட்டது என்று காட்டப் பார்ப்பார் என்று அவர் விளக்கினார். கடைசியில், "கோர்ட்டுல போயி நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே எச்சரித்தார். நான் என்ன அவ்வளவு விவரம் கெட்டவளா என்று நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டுக்குப் போன அன்றைக்குக் காலையில் நம் கோயிலுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றேன். உள்ளே மணி அடித்தது. அங்கிருந்தே கும்பிட்டேன். தாயே, என்னிடம் யாரும் அதைக் கேட்காமல் பார்த்துக்கொள், இந்த மானத்தையாவது எனக்கு விட்டுவை என்று வேண்டினேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

கோர்ட்டில் நெடுநேரம் காத்திருந்து ஒருவழியாக என் பேரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். நீதிபதி ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர். எதிர்த்தரப்பு வக்கீல் நரைத்த தலைக்காரர். மிரட்டுவார் என்று பயந்திருந்தேன், அவரோ பெற்ற பிள்ளைபோல அம்மா, அம்மா என்றே பேசினார். ஒரு போட்டோவை நீட்டினார். நான் தீச்சட்டியோடு நடக்கிற படம். திருவிழா அன்றைக்கு யாரோ வாட்ஸ்அப்பில் போட்டது. இது நீங்கள்தானா என்றார். ஆமாம் என்றேன். நடந்தேதான் போனீர்களா என்றார். நேர்த்திக்கடன் விஷயத்தில் பொய் சொல்ல முடியுமா? நடந்துதான் போனேன் என்றேன். அவர் சிரித்த முகமாக, "அம்மன் காப்பாத்திருச்சு. இப்ப நல்லாருக்கீங்களாம்மா?" என்றார்.

"ஆத்தா புண்ணியத்துல நல்லாருக்கேன்யா."

நானா சொன்னேன், வாய் சொன்னது. சாமி பேரைச் சொல்லி நல்லாருக்கியா என்று ஒருவர் கேட்டால், இல்லை என்று நம்மில் யாராவது சொல்வோமா? உயிர் கொடுத்தவளைப் பழித்த மாதிரி ஆகிவிடாதா? எங்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நரைத்த தலைக்காரர் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

நான் சொன்னதையெல்லாம் டைப் அடித்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கோயில் திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி நடந்து சென்றேன் என்றால் சரிதான், தற்போது நான் நலமாக இருக்கிறேன் என்று கோர்ட்டுப் பாஷையில் இருந்தது. கேட்கும்போது யாரோ ஒரு பெண்ணைப் பற்றி வாசிப்பதுபோல இருந்தது. சரியென்றால் கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவைக் கொடுத்தார்கள். கையில் வாங்கினேன். போட்டுவிட்டால் முடிந்தது. நான் கேட்டபடியே யாரும் அதைக் கேட்கவில்லை, மானம் தப்பிவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போய் அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார வேண்டும், சாகிற வரைக்கும். பேனாவைப் பேப்பரில் வைக்காமல் நின்றேன்.

காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத தொண்டை. இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தேன். இருமிவிட்டேன். அங்கேயே, கூண்டிலேயே, எனக்கு வந்துவிட்டது. காலில் சூடாக இறங்கியது.

கட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஆத்தா, இனி ஒளிய இடமில்லை, வாயைக் கொடு என்று கேட்டேன். அவ்வளவுதான் என் ஜெபம், அவ்வளவுதான் என் மந்திரம். கண்ணைத் திறந்து, இது சரியில்லை அம்மா என்றேன். எது சரியில்லை, நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார் நீதிபதி.

"சொன்னேங்கம்மா. நல்லாருக்கேன்னு ஆத்தாளுக்குச் சொன்னேன். உசுரக் குடுத்தவளக் குறை சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். உடம்புக்குச் சொல்லலம்மா."

"உடம்புக்கு என்ன?"

"மூத்திரம் நிக்க மாட்டேங்குதும்மா. வண்டி மோதுனதுல இருந்து இப்படித்தான். இப்பக்கூட இங்க நின்னுக்கிட்டே வந்துருச்சு."

நரைத்த தலைக்காரர் எழுந்தார். மனுவில் இது இல்லை, டாக்டர் சீட்டும் இல்லை என்றார். அவர் வேலை அது. ஆனால் குரல் இறங்கித்தான் வந்தது. டைப் அடிக்கிற பெண், சிறுநீர் என்று போடட்டுமா அம்மா என்று மெதுவாகக் கேட்டாள். "அவங்க சொன்ன மாதிரியே போடுங்க" என்றார் நீதிபதி. எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். மெடிக்கல் போர்டு என்னைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கட்டும் என்று உத்தரவு போட்டார். கூரை இடிந்து தலையில் விழும் என்று நினைத்திருந்தேன். பின்னால் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

வெளியே குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். செக்கானூரணிப் பக்கம், பேர் பஞ்சவர்ணம். ஏதோ நிலத்து வழக்குக்காகப் புருஷனோடு வந்தவள், நான் பேசியபோது உள்ளே உட்கார்ந்திருந்தாளாம். குழாயைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "அக்கா, எனக்கும் அப்படித்தான். கடைக்குட்டி பெறந்ததுல இருந்து. இதுக்கு வைத்தியம் இருக்காக்கா?" என்றாள். அந்தக் கடைக்குட்டிக்கு இப்போது மீசை அரும்புகிறதாம். அத்தனை வருஷம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாதும்மா, சேர்ந்து போய்க் கேட்போம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு என் கையை அப்படி ஒருவர் பிடித்தது அன்றைக்குத்தான்.

சேர்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு இது அதிசயமாகவே இல்லை. இடுப்பு எலும்பு உடைந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வருவதுதான், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று இருவரையும் சேர்த்துத் திட்டினார். பயிற்சி சொல்லிக் கொடுத்தார், மருந்து கொடுத்தார். எனக்கு ஒரு சின்ன ஆபரேஷனும் நடந்தது. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், இனிமேல் அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் பஸ்ஸில் உசிலம்பட்டி வரைக்கும் போய்வருகிறேன். தண்ணீர் குடிக்கிறேன். தீர்ப்பும் எனக்குச் சாதகமாகத்தான் வந்தது. நான் கூண்டில் சொன்னதை நீதிபதி நம்பி எழுதியிருக்கிறார் என்று வக்கீல் போனில் வாசித்துக் காட்டினார். பேச்சியிடம் சொன்னபோது, என்னிடம் மறைக்க நான் என்ன உனக்கு வேற்றாளா என்று ஒரு பாட்டம் ஏசிவிட்டு அழுதாள். மகனிடமும் போனில் சொன்னேன். அந்த வாரமே பஸ் ஏறி வந்துவிட்டான்.

போன செவ்வாய்க்கிழமை கோயிலுக்குள் வந்தேன். ஆத்தாள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். அவள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பிள்ளை மடியை நனைத்தால் எந்தத் தாய் இறக்கி விடுகிறாள்? இது எனக்குத் தெரியாததா, நானும் ஒரு பிள்ளையை வளர்த்தவள்தானே. யாரும் கேட்காமல் பார்த்துக்கொள் என்று நான் வேண்டினேன். அதையும் கொடுத்தாள். அது போதாது என்று தெரிந்து, கையெழுத்துப் போடும் நேரத்தில் வாயையும் கொடுத்தாள். எனக்குக் கிடைத்த வரம் இதுதான்.

உங்களில் யாருக்கு என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது. உடம்பில் இருக்கலாம், வீட்டில் இருக்கலாம். ஆத்தாளிடம் பூசி மெழுகாமல் சொல்லுங்கள், அவள் கேட்பாள். பிறகு ஒரு மனுஷியிடமாவது சொல்லுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை பஞ்சவர்ணமும் செக்கானூரணியிலிருந்து வருகிறாள். நாங்கள் கடைசி வரிசையில், வாசல் பக்கமாக உட்காருவோம், சட்டென்று எழுந்து போக வசதியாக. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், வந்து உட்காருங்கள். பாயை நன்றாக நீளமாகவே விரித்து வைக்கிறோம்.