புங்கமரத்து ஆணி

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். இது ஏன் என்று விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் சின்ன வயதில் இந்தக் குணம் ஒருமுறை முற்றிப்போய், பள்ளிக்கூடமே வேண்டாம் என்று கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் காரணம் ஒரு புங்கமரம்.

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனை நடைபாதையில் அது இருந்தது. அதன் நிழலில்தான் அம்மா இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். மரத்தில் யாரோ எப்போதோ அடித்த ஆணி ஒன்று உண்டு. பள்ளி விட்டதும் நேராக வந்து என் பையை அதில் மாட்டுவேன். துரு பட்டுப் பட்டுப் பையின் காதில் பழுப்புக் கறை ஏறியிருந்தது. துவைத்தாலும் போகாது.

ஒருநாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். மரத்தைத் தட்டினார், அண்ணாந்து பார்த்தார். கூட வந்தவர் சிவப்புப் பெயின்ட்டால் அதில் ஒரு நம்பர் எழுதினார்.

"மரத்துக்கு எதனா சீக்கா சார்?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா, மர சென்னாகிதே," என்றார் அவர் பாதி கன்னடத்தில். மரம் நன்றாகத்தான் இருக்கிறதாம். "மழைத்தண்ணி ஓடுற மோரிய அகலம் பண்றோம். இது நடுவுல வருது."

எனக்கு இது பிடிபடவில்லை. சீக்கு வந்தால் எடுப்பார்கள் என்றால், சீக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம். நன்றாக இருப்பதையே எடுப்பார்கள் என்றால் எதை எப்படிக் காப்பாற்றுவது? அம்மாவும் நன்றாகத்தான் இருந்தாள்.

அதன்பிறகு பள்ளிக்குப் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. பரீட்சை நாள் ஒன்றில் அவசரமாக ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது அம்மா வெயிலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையில் போட்டிருந்த துண்டெல்லாம் மரத்தூள். மரம் இருந்த இடத்தில் புது மண். பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"போச்சி, விடு," என்றாள் அம்மா.

மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. போய்விட்டு வந்தால் அம்மா நின்ற இடத்திலும் புது மண்தான் இருக்கும் என்று தோன்றியது. அதை வெளியே சொல்லவும் பயம், சொன்னால் நடந்துவிடும். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அம்மா அடித்துப் பார்த்தாள். தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தும் பார்த்தாள். இப்படியே இருந்தால் பெயரை எடுத்துவிடுவோம் என்று டீச்சர் சொல்லியனுப்பினார்.

கடைசியில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஆட்டோ ஓட்டுகிறவர்.

"மரத்துக்காகவா இந்த அழுவ? அத்த யாரு வெட்னாங்க? வேரோட தூக்கி லாரில வெச்சி, வேற எடத்துல நட்டுகீறாங்க. சவாரி போவசொல நானே பாத்தேன்."

"எங்க?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து கரியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அல்சூர் ஏரியாண்ட."

"காட்டு."

"ஞாயித்துக்கெழம. இப்ப டிரிப்பு கீது."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அம்மா வரவில்லை. நான் பள்ளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மாமா கியர் மாற்றும்போதெல்லாம் உஸ் உஸ் என்றார்.

ஏரி வேலியோரம் வரிசையாகப் புங்கமரங்கள். அதில் ஒன்றின் முன்னால் போய் நின்று, "இதான்," என்றார்.

"நம்பர் எங்க?"

"மழைல கரைஞ்சிடுச்சி."

"ஆணி?"

அவர் என் தோளைப் பிடித்து மரத்தின் மறுபக்கம் கூட்டிப்போனார். ஆணி இருந்தது. என் கைக்கு எட்டும் உயரத்தில், பளபளவென்று. சுற்றிலும் பட்டை ஈரமாக இருந்தது.

"துரு காணமே மாமா."

"எடம் மாறிச்சில்ல. ஏரிக்காத்து. நம்ம தெருவுல கெடந்தத வுட இப்ப ஜோரா கீது பாரு." சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பையை மாட்டினேன். ஆணி தாங்கியது. நன்றாக இருப்பதை எடுத்தாலும் அது எங்கேயோ நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கு அப்போது முடிவாகிவிட்டது. மறுநாளே பள்ளிக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து திரும்பும்போதுதான் மாமாவின் இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்தேன். ஸ்டெப்னி மாற்றும்போது நசுங்கிவிட்டதாகச் சொன்னார்.

வீட்டுக்குள் ஓடி, "நம்ம மரம் நல்லா கீதும்மா, துருகூட போயிடுச்சி," என்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தம்பியின் விரலைப் பார்த்தாள். மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து, துணியை அவிழ்த்து, நகம் கறுத்திருந்த இடத்தில் மெதுவாகத் தடவினாள்.

"ஒரு ஆணி அடிக்கத் தெரியல உனக்கு," என்றாள்.

எந்த ஆணி என்று நான் கேட்கவில்லை. மரம் பிழைத்த சேதி கேட்டும் அம்மாவின் கண் ஏன் கலங்கியது என்ற கவலையில் இருந்தேன்.