பார்க்கில் வாட்டிய ஆட்டுக்கால்

ஆட்டுக்காலில் மயிர் இருக்கும் என்பது என் கணவருக்குத் தெரியாது. சென்னையில், முட்டை கூட வாசல்படி தாண்டாத வீட்டில் வளர்ந்தவர் அவர். நான் ஈரோட்டுக்காரி. ஒரே ஆபீசில் வேலை பார்த்து, இரண்டு வீட்டையும் அழவைத்துக் கல்யாணம் செய்துகொண்டோம்.

சம்மதம் சொல்லும்போது அவருடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வீட்டு அடுப்பில் கறி ஏறக் கூடாது. இதென்ன பெரிய விஷயம் என்று நானும் தலையாட்டிவிட்டேன். நியூ ஜெர்சிக்கு வந்து மான்மவுத் ஜங்ஷனில் குடியேறிய பிறகுதான் எதற்குத் தலையாட்டினேன் என்று உறைத்தது. சிக்கன் பிரியாணி எந்த ஓட்டலிலும் கிடைக்கும். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை அதுவல்ல. குடல் குழம்பு, தேங்காய் போட்டுக் கிளறிய ரத்தப் பொரியல், தலைக்கறி. சுவரொட்டி என்று நாங்கள் சொல்லும் மண்ணீரலை மிளகு போட்டு வதக்கி, பெண் பிள்ளைகளுக்கு ரத்தம் ஊறும் என்று எனக்கு மட்டும் தனியாகக் கொடுப்பார்கள். அதற்காக அண்ணன் என் முதுகில் குத்தியிருக்கிறான். குழம்பில் கிடக்கும் மூளைக்கு எங்களுக்குள் தனிச் சண்டை. இதையெல்லாம் எந்த ஓட்டலும் போடாது. வீட்டில் வைத்தால்தான் உண்டு.

என் வீட்டில் வைக்க முடியாது. திரைச்சீலை என் இஷ்டம், சோபா என் இஷ்டம், அடுப்பு மட்டும் இன்னொருவருடையது. விருந்துக்குப் போன இடத்தில் சமைத்துக் கொடுக்கிறவள் மாதிரி மூன்று வருஷம் சமைத்தேன். வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்டு, அவர் தயங்கிவிட்டால் தாங்க முடியாது என்று பயம்.

ஒரு ஜனவரி காலையில் பார்க்கிங் லாட்டில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி விழுந்தேன். கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்துவிட்டது. முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். மிளகு ரசம், பருப்பு ரசம், தக்காளி ரசம் என்று ஒவ்வொரு வேளையும் ஒரு ரசம் வந்தது. வலியும் எரிச்சலுமாகக் கிடந்தவளுக்கு ஒருநாள் வாய் கட்டுப்படவில்லை.

"எலும்பு ஒடஞ்சவளுக்கு யாராச்சும் ரசம் குடுப்பாங்களா? எங்க வீடா இருந்தா இன்னேரம் ஆட்டுக்கால் சூப்பு வந்திருக்கும்."

"அப்ப இது யார் வீடு?" என்றார்.

"உங்கம்மா வீடு."

அவர் எழுந்துகொண்டார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பார்சிப்பனி ஆபீசுக்குப் போனவர் நேரம் கழித்துத்தான் வந்தார். கையில் கறுப்பு பிளாஸ்டிக் பை. ஆபீசிலிருந்து பேட்டர்சன் பக்கம் ஒரு ஹலால் கடையைத் தேடிப் போயிருக்கிறார். பையைக் கட்டில் பக்கம் கொண்டுவந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறந்தார். மயிரும் குளம்புமாக நாலு கால்கள்.

"இதுல ஏன் முடி இருக்கு?"

"ஆடு ஷேவ் பண்ணிக்காதுங்க."

சிரித்துவிட்டேன். கால் வாங்கி வந்ததே எனக்குப் போதும்.

ஊரில் கறிக்கடைப் பக்கத்திலேயே தீயில் வாட்டிச் சுரண்டிக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் தலையில் கட்டிக்கொள்ளும் வேலையில்லை அது. இங்கே இருந்தது எலெக்ட்ரிக் அடுப்பு. சுருள் சிவக்கும் வரை காத்திருந்து அதன் மேல் ஒரு காலை வைத்தார். மயிர் கருகிய நாற்றம் கிளம்பிய வேகத்தில் ஸ்மோக் அலாரம் அலறியது. அதன் கீழே நின்று துண்டை விசிறினார். எதிர் வீட்டம்மாள் வந்து கதவைத் தட்டினார். நான் படுக்கையில் இருந்தபடி, "ஜன்னலைத் திறங்க, ஜன்னலைத் திறங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். இத்தோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை என்னைக் காரின் பின் சீட்டில், கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார வைத்தார். பார்க்கில் கோடையில் பர்கர் சுடுவதற்கென்று நட்டு வைத்திருக்கும் கரி அடுப்புக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினார். சுற்றிலும் பனி. அடுப்பில் குவிந்திருந்த பனியைத் தள்ளிவிட்டுக் கரி மூட்டினார். மஃப்ளரை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொரு காலாகப் புரட்டினார். நான் கண்ணாடியை இறக்கி அதிகாரம் செய்தேன்.

"வெரலிடுக்குல வாட்டுங்க. அங்கதான் மயிர் நிக்கும்."

"குளுருது, கண்ணாடிய ஏத்து."

"குளம்பைத் தட்டிப் பாருங்க, கழண்டு வரும்."

கழன்று வந்தது. அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். நாலெட்டு தள்ளிப் போய் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்ப வந்து அடுத்த காலை எடுத்தார். அந்த மனிதரை அதற்கு முன்னும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அன்றைக்குப் பார்த்தது போல என்றைக்கும் பார்த்ததில்லை.

நாய் ஒன்று வாசனை பிடித்து, தன் எஜமானரை இழுத்துக்கொண்டு வந்தது. வயதான கறுப்பினத்தவர். போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அடுப்பை எட்டிப் பார்த்தார், காரில் நீண்டிருந்த என் காலைப் பார்த்தார். தன் அம்மா பன்றிக்காலை வினிகரில் ஊறவைத்துத் தருவார் என்றும், அதைத் தின்னத் தெரியாதவர்களோடு இந்த நாட்டில் காலம் தள்ளுவது கஷ்டம் என்றும் சொன்னார். என் கணவர் மஃப்ளருக்குள்ளிருந்தே ஆமாம் போட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கால்களைச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவினார். வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம், மல்லி எல்லாம் நான் சொல்லச் சொல்லப் போட்டுக் குக்கரை மூடினார். விசில்களுக்கு நடுவே வீடு முழுக்க மணம் பரவியது. அந்த வீட்டில் அதுவரை வராத மணம். ஒரு வாய் குடித்ததும் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. நல்ல ஆட்டுக்காலுக்கு அதுதான் அடையாளம். எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்டேன். அவர் எதிரே உட்கார்ந்து, தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளி கூடத் தொடவில்லை. தொடவேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

அப்போது சென்னையிலிருந்து போன். என் கால் எப்படி இருக்கிறது என்று கேட்க அத்தைதான் கூப்பிட்டிருந்தார். கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டார் அவர்.

"அவளுக்கு என்னடா குடுத்த இன்னைக்கு?"

ரசம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லுங்கள் என்று நானே சைகை காட்டினேன்.

"ஆட்டுக்கால் சூப்பும்மா. நான்தான் வெச்சேன்."

உறிஞ்சிக்கொண்டிருந்த எலும்பைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன்.

"வீட்டுக்குள்ளயாடா?"

"வீட்டுக்குள்ளதாம்மா. அவ வீடுதானே."

அத்தை மெதுவாக, "சரி, எலும்பு கூடினா சரி. பாத்திரத்தையாவது தனியா வெச்சுக்கோங்க" என்றார். எனக்கு அதுவே பெரிய வரமாக இருந்தது. தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

"தனியால்லாம் இல்லம்மா, ஒரே குக்கர்தான்" என்றார் அவர்.

மறுநாள் அதே குக்கரில் பருப்பு வேகவைத்துச் சாம்பார் வைத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தரம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.