கார் ஒட்டிய வாரம்

எனக்கு எழுபத்து மூன்று வயது, என் காருக்கு ஐம்பத்தொன்பது. இரண்டு பேருக்கும் கீழ்ப்பகுதியில்தான் கோளாறு. எனக்கு முழங்கால், அதற்குத் துரு.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டி, பதினான்கு தகரம் போட்ட ஷெட்டில் அது நிற்கிறது. கறுப்பு நிறம், உருண்டை முதுகு. மூன்று பேரிடம் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. வருஷத்துக்கு ஆறு தடவை வெளியே எடுப்பேன். ஆறில் இரண்டு தடவை தள்ளிக்கொண்டு திரும்புவோம்.

பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஆய்வாளர் குனிந்து, பின்சக்கரத்துக்கு மேலே மட்கார்டை ஒரு விரலால் அழுத்தினார். விரல் மறுபக்கம் வந்தது. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே பதினைந்து நாள் அவகாசம் தந்தார். அன்று மாலையே என் மனைவி கொத்தனாரை வரவழைத்து ஷெட்டை அளந்துவிட்டாள். இந்த முறையும் தேறாவிட்டால் கார் காயலான் கடைக்கு; ஷெட் இருக்கும் இடத்தில் இரண்டு வாடகை அறை. கொத்தனார் சொன்ன அளவில் ஓர் அங்குலம் தப்பு இருந்தது. நான் சுட்டிக்காட்டியதை இருவரும் ரசிக்கவில்லை.

எங்கள் மாடியில் ஏற்கெனவே இரண்டு அறைகள். எட்டு பேர், எல்லோரும் தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள். எட்டு பேருக்கும் ஒரே கக்கூஸ். ஐந்து இருபதுக்கு முனையில் கம்பெனி பஸ் வரும் என்பதால் நாலரைக்கே வரிசை தொடங்கிவிடும். இன்னும் இரண்டு அறை கட்டினால் அந்த வரிசையில் இன்னும் எட்டு பேர் நிற்பார்கள். என் காரைக் காப்பாற்ற மாடிக்காரர்கள் முன்வந்ததற்கு இதுதான் காரணம். பழைய கார் மேல் பாசம் என்று நினைத்து நான் ஏமாறவில்லை.

வெல்டிங் கடைக்காரர் காரைப் பார்த்துவிட்டு, தகரம் அப்பளமாகிவிட்டது, நெருப்பு வைத்தால் மிச்சமும் போய்விடும் என்று கையை விரித்திருந்தார். மாடியில் இரண்டு பேர், ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை, ஒரகடம் பக்கம் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். ஒட்டிவிடலாம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். நான் சிரித்தேன். நெட்டைக்காரருக்குத் தூத்துக்குடிப் பக்கம். "சிரிக்காதீங்க சார். நீங்க ஏறிப் போற பஸ்ஸே ஒட்டினதுதான்" என்றார். அதற்கப்புறம் பத்து நாளாக நான் பஸ்ஸில் சன்னலோரம் உட்காரவில்லை.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஃபைபர் பட்டறையில் ஐந்து துண்டு செய்து வாங்கினேன். பின் மட்கார்டுக்கு இரண்டு, கதவுக்குக் கீழே இரண்டு, டிக்கியின் அடிப்பகுதிக்கு ஒன்று. ஆய்வு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்து வேலையை ஆரம்பித்தோம். பூசையில் என் மனைவி நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. கொத்தனாரும் அதே பூசைக்கு வந்திருந்தார்.

துருவைச் சுரண்டும் வேலை எனக்கு. சுரண்டியதை அள்ளினால் ஒன்றரைப் படி தேறியது. பிறகு நெட்டைக்காரர் துடைத்தார். ஒரே திசையில் ஒரு இழுப்பு, துணியைத் திருப்பி மடித்து அடுத்த இழுப்பு. போன வழியில் துணி திரும்பி வரவே இல்லை. ஏழு வருஷமாக அவருக்கு அந்தத் துடைப்புதான் வேலை. குட்டைக்காரருக்குத் துப்பாக்கி. டியூபை அதில் மாட்டி அழுத்தினால் கறுப்புப் பசை விரல் தடிமனுக்கு, நடுவில் அறுபடாமல், ஓரத்திலிருந்து ஒரே அளவில் வரும். நாலு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. ஐந்து துண்டையும் இருபத்திரண்டு நிமிஷத்தில் ஒட்டி, டேப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்ஸில் உதிரிபாகங்களை எண்ணியவன் நான். அவ்வளவு சுத்தமான வேலையை மூன்று தடவைகூடப் பார்த்ததில்லை.

எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க காஞ்சு பாத்ததில்லையே சார்" என்றார் நெட்டைக்காரர். "எங்க கைய விட்டதும் பஸ்ஸு நகர்ந்துரும். காயுறதெல்லாம் லைன்ல அடுத்த ஸ்டேஷன் ஆளுங்க வேலை."

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினொரு வருஷ அனுபவம். காய்ந்த பசையை ஒருவரும் பார்த்ததில்லை. டியூபின் மேல் இருந்த காகிதத்தை அவசரத்தில் கிழித்திருந்தார்கள். தேடியதில் விலையும் காலாவதித் தேதியும் உள்ள பாதிதான் கிடைத்தது.

"சரி, இங்கே அடுத்த ஸ்டேஷன் யார்?"

"நீங்கதான் சார்" என்றார் குட்டைக்காரர். கையைக் கழுவிக்கொண்டு இருவரும் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள்.

பொறுப்பைக் கொடுத்தால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மாசிப் பனி பெய்துகொண்டிருந்தது. பனி பட்டால் பசை கெடும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ய வேறு ஆளும் இல்லை. பாலிதீன் தாள் வாங்கிவந்து காரின் பின்பாதி முழுவதையும் சுற்றி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். அப்போதும் மனம் ஆறவில்லை. செருப்பு டப்பா, மருந்து டப்பா, பை என்று எது வாங்கினாலும் உள்ளே ஈரத்தை உறிஞ்ச ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் வருமே, தின்னக் கூடாது என்று அச்சடித்து, அதை நான் எறிவதில்லை. பதினாறு வருஷமாக பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறேன். இருநூற்றுப் பதினான்கு பொட்டலம். அத்தனையையும் பாலிதீனுக்குள் ஐந்து துண்டைச் சுற்றியும் அடுக்கினேன்.

என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா இது, காரை ஷூ டப்பாவுல வச்ச மாதிரி" என்றாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தொடவில்லை. புதன் காலை பாலிதீனை ஒரு பக்கம் பிரித்து, இடப்பக்க மட்கார்டில் மெதுவாக விரலை வைத்தேன். துண்டு நகர்ந்தது. ஓரத்தில் பிதுங்கிய பசையைத் தொட்டால் அல்வா மாதிரி இருந்தது. மற்ற நாலும் அப்படித்தான். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து ஆய்வு. கொத்தனார் அன்றைக்கே செங்கல் விலை கேட்கப் போயிருந்தார்.

மாடிக்கு ஏறினேன். பதினெட்டுப் படி, அன்று ஒவ்வொன்றையும் முழங்கால் எண்ணியது. குட்டைக்காரர் அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், அறையில் இருந்தார். கீழே வந்து பசையைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு யாரிடமோ நம்பர் வாங்கி, அவருடைய கம்பெனியில் அடுத்த ஸ்டேஷனில் இருப்பவருக்குப் போன் போட்டார். நாலு வருஷத்தில் அந்த ஆளோடு அவர் பேசுவது முதல் தடவையாம். இரண்டு பேருக்கும் நடுவே பன்னிரண்டு அடி தூரம். பஸ்தான் மறைக்கும்.

போனை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், இந்தப் பசை காத்துல உள்ள ஈரத்தைக் குடிச்சுத்தான் இறுகுமாம். அவரு தண்ணியப் புகை மாதிரி அடிப்பாராம். நீங்க அது வாயத் தச்சுப் போட்டீங்க."

பொட்டலங்களைப் பொறுக்கி எண்ணினேன். இருநூற்றுப் பதின்மூன்றுதான் இருந்தது. பம்பருக்குப் பின்னால் இன்னொன்று கிடைக்கும்வரை எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பிறகு ஷெட்டை எப்படி ஈரமாக்குவது என்ற கேள்வி. ஈரத் துணியைச் சுற்றிலும் கட்டித் தொங்கவிடலாம் என்றார் குட்டைக்காரர். மனைவியிடம் துவைத்த துணி கேட்டேன்.

"துவைச்சது இல்ல. துவைக்க வேண்டியது இருக்குது" என்றாள்.

நாற்பத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் துணி துவைத்தது அன்றுதான். நாலு போர்வை, ஏழு புடவை, இரண்டு திரைச்சீலை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, போர்வை ஓரம் இன்னும் அழுக்கு என்றாள், புடவையை முறுக்காதீர்கள் என்றாள். திரைச்சீலையைத் துவைத்தே இரண்டு வருஷம் ஆயிற்றாம். காய்ந்துபோனால் மறுபடி நனைத்து மாட்ட வேண்டும். புதன், வியாழன் இரண்டு நாளில் ஒன்பது தடவை நனைத்தேன். மாடிக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு தங்கள் யூனிபாரங்களையும் வாளியில் கொண்டுவந்து வைத்தார்கள். காருக்காகத்தான் சார் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தட்டிப் பார்த்தேன். ஐந்தும் கல் மாதிரி இருந்தன.

அதே ஆய்வாளர். மட்கார்டை அழுத்தினார், பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கார் ஆடியது, துண்டு அசையவில்லை. ஐந்தையும் இழுத்துவிட்டு, திருப்தியாக நிமிர்ந்தவர் பின் பம்பரில் கை ஊன்றினார். பம்பர் ஒரு பக்கம் கழன்று தரையில் இடித்தது. ஐம்பத்தொன்பது வருஷமாக, கம்பெனியில் மாட்டியபடியே இருந்த பம்பர்.

"ஒட்டினதெல்லாம் நிக்குது. ஒட்டாததை முடுக்கிக்கிட்டு மத்தியானத்துக்குள்ள வாங்க பெரியவரே" என்றார்.

பம்பருக்கு நாலு போல்ட். நெட்டைக்காரர் லீவு போட்டு என்னோடு வந்திருந்தார். அவரைப் பார்த்தேன்.

"போல்ட்டு நம்ம ஸ்டேஷன் இல்ல சார்" என்றார்.

ரோட்டோரக் கடையில் போல்ட் வாங்கி, நானே மண்ணில் படுத்து முடுக்கினேன். எழுப்பிவிட மட்டும் அவர் கை கொடுத்தார். மத்தியானம் கையெழுத்தாயிற்று. ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துத் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து காகிதத்தை மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் படிக்கவில்லை. ஷெட்டுக்குப் போய், காருக்கு மேலே கட்டியிருந்த கொடிகளைப் பார்த்தாள். காய்ந்த போர்வையை முகர்ந்து பார்த்தாள். கொத்தனாருக்குப் போன் போட்டு இப்போதைக்கு வேண்டாம் என்றாள்.

"ஷெட்டு இருக்கட்டும். துணிய நீங்களே துவைக்கிறதா இருந்தா" என்றாள். "அஞ்சு வருஷம் கழிச்சு உங்களுக்கும் அதுக்கும் சேர்த்தே முடிவு பண்ணிக்கலாம்."

வாரத்துக்கு மூன்று தடவை துவைக்கிறேன். மாடியில் வரிசை அதே எட்டு பேரோடு நிற்கிறது. யூனிபார வாளி மட்டும் தினமும் வருகிறது. இன்று அதில் எட்டு பேருக்குப் பதினொரு சட்டை.