பெயர் கூப்பிட்டால் பேசாதீர்கள்: தோட்டத்திலிருந்து பினாங்குக்கு

ரப்பர் விலை விழுந்த வருஷம், மாசி மாதம். தோட்டத்தில் பாதிப் பேருக்கு வேலை இல்லை, இலவசமாகக் கப்பல் ஏற்றிவிடுகிறோம், ஊருக்குப் போய்ச் சேருங்கள் என்றார் துரை. எந்த ஊருக்கு? நான் பிறந்ததே இங்கே, கூலிகள் குடியிருக்கிற லயத்தில். கப்பல் போய் நிற்கிற நாகப்பட்டினத்தில் எனக்கு ஒரு காக்காயைக்கூடத் தெரியாது. பினாங்கு டவுனில் பிழைத்துக்கொள்ளலாம் என்றேன். எங்கள் வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக் கட்டினார்.

காலை ஐந்து மணிக்கு லாரி. புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷன் ஆறு மைல். ஏழேகாலுக்கு ரயில், பிறையில் இறங்கிப் படகு, எட்டரைக்குப் பினாங்குத் துறை. எங்களை மேய்க்கிற கங்காணி எங்களுக்கு டிக்கெட் எடுத்தார். சொந்தச் செலவில் வருகிறவர்கள் ஆளுக்கு முப்பது காசு வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஓரமாக உட்காராதீர்கள், சேலை நனைந்துவிடும்.

துறையில் வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுத்தார்கள். தோட்டத்தில் விடியற்காலை பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்பார்களே, அதுதான். பெயரைக் கேட்டதும் கை தானாக மேலே போகும். சின்ன வயதிலிருந்தே பழக்கம். அன்று கை தூக்கியவர் நேரே கப்பலுக்கு, தூக்காதவர் தன் வழிக்கு.

"அஞ்சலை!" என்றார் கங்காணி. நான் அசையவில்லை.

"ஏ புள்ளே, காது செவிடா?"

"காது நல்லாத்தான் கேக்குது. நான் கப்பல்ல ஏறல."

முறைத்துவிட்டு அடுத்ததாக எங்கள் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கிறேன், அவர் கை மேலே போகிறது! பாவி மனுஷன். கங்காணி பட்டியலிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அவர் கடலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"முனியாண்டி! கைய எறக்குய்யா!"

கட்டின புருஷன் பெயரை அத்தனை பேர் நடுவில் கத்திவிட்டேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "அடிப்பாவி, புருஷன் ஆயுசு கொறையும்டி" என்றாள் ஒருத்தி.

"கப்பல்ல போனா மட்டும் கூடுமாக்கா?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கை இறங்கியது.

அங்கிருந்து சூலியா தெரு கால்மணி நடை. அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர், நானா என்று கூப்பிடுவோம், "மசாலா அரைப்பியாம்மா?" என்றார்.

"அம்மியக் காட்டுங்க நானா."

நாளுக்கு முப்பது காசு, இரண்டு வேளைச் சோறு. எங்கள் வீட்டுக்காரர் துறையில் மூட்டை தூக்குகிறார்.

டவுன் ஒன்றும் சொர்க்கமில்லை. ஓர் அறையில் மூன்று குடும்பம், நடுவில் சாக்குத் திரை. குழாயடியில் தினமும் சண்டை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுக்க ஆளில்லை, லயத்தை நினைத்து அழுதேன். அதற்காகத் திரும்பிப் போவேனா? மாட்டேன்.

வருகிறவர்கள் பாயும் சட்டியும் கொண்டுவாருங்கள், இங்கே விலை அதிகம். பெரட்டில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்காமல் வாயை மூடிக்கொள்ளுங்கள். புருஷன் கை தூக்கினால் பெயர் சொல்லிக் கத்துங்கள். ஆயுசெல்லாம் குறையாது. முனியாண்டி நேற்றுகூட இரண்டு தட்டுச் சோறு தின்றார்.