நாகல் நகரில் மணி அடிக்கும் என் போன்

உங்களில் யாராவது சொந்த நம்பருக்கே போன் போட்டு, "மன்னிக்கணும், ராங் நம்பர்" என்று சொல்லி வைத்ததுண்டா?

நான் வைத்திருக்கிறேன். போன மாதம். அதுவும் போன் கொடுக்கும் ஆபீஸிலேயே, கிளார்க்கின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு...

தை மாதம் நாகல் நகரிலிருந்து மேட்டுப்பட்டிக்கு வீடு மாற்றினோம். டவுன் பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள், அவ்வளவு தூரம்தான். போனையும் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். மறுநாளே லைன்மேன் வந்தார். திருகாணியைக் கழற்றினார். கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். காப்பி வேண்டாம் என்றுவிட்டார். கனெக்ஷனை வெட்டுவதில்தான் என்ன சுறுசுறுப்பு!

பத்து நாளில் புது வீட்டில் மாட்டிவிடுவதாகவும், நம்பர் மாறாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். நானும் நம்பினேன். அன்றுவரை அந்த ஆபீஸுக்குள் நான் கால் வைத்ததில்லை, அதனால் நம்பினேன்.

என் வீட்டுக்காரர் சின்னாளப்பட்டிச் சேலைகளை மைசூர், பெங்களூர் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். மாதத்தில் இருபது நாள் ஊரில் இருக்க மாட்டார். ஆகவே ஆபீஸுக்கு அலைவது என் பாடு. இந்தப் பத்தியில் இவ்வளவு வாயடிக்கிறேனே, கவுண்டர் முன்னால் போய் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போய்விடுவார்கள். "ஏம்மா, ஓரமா நில்லுங்க" என்பார் கிளார்க். நிற்பேன்.

ஒரு வாரம் ஃபைல் மேலே போயிருக்கும். மறு வாரம் ஃபைல் கீழே வந்திருக்கும், ஆனால் ஆள் லீவு. மூன்றாவது வாரம், எங்கள் தெருவில் கம்பி இழுக்கப் போஸ்ட்டே இல்லை என்றார்கள். எங்கள் வாசலிலேயே ஒரு போஸ்ட் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதில்தான் ஆட்டைக் கட்டுகிறார். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அதைச் சொன்னேன்.

"அது ஆட்டுக்குத் தெரியும்மா, ரெக்கார்டுல இல்லையே" என்றார் கிளார்க்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவமானப்படும்போது கூடச் சேர்ந்து சிரிப்பது என்ன வியாதியோ, எனக்கு அது உண்டு.

ஒரு போனுக்காக இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். என் மகள் மல்லிகா சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். போன வருடம் அவளை நாக்பூரில் கட்டிக்கொடுத்தோம். கடிதம் எழுதுவாள். ஆனால் இன்லாண்டை ஒட்டும் முன் மாமியார் வாங்கிப் படித்து, அடியில் தானும் இரண்டு வரி எழுதுவார். "இங்கு அனைவரும் நலம்." நான் எழுதுவதையும் அவர்தான் முதலில் பிரிப்பார். அப்படிப்பட்ட கடிதத்தில் ஒரு பெண் எதை எழுத முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் கோயிலுக்குப் போகிற நேரத்தில், பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு டிரங்க் கால் போடுவாள். மூன்று நிமிடம். அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டாள்... குரலை வைத்து நான் தெரிந்துகொள்வேன். கடைசியாகப் பேசியபோது, "பத்து நாள் பொறுத்துக்க, அதே நம்பர்தான்" என்று சொல்லியிருந்தேன். அந்தக் குரலைக் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. போன் வராததைக் கடிதத்தில் எழுதவும் வழியில்லை.

போன மாதம் போனபோது கிளார்க் எரிந்து விழுந்தார். கனெக்ஷன் கொடுத்து மூன்று வாரம் ஆகிறதாம், கையெழுத்தும் வாங்கியாயிற்றாம். காட்டினார். "ராணி" என்று இருந்தது. அது என் பெயர் இல்லை என்றேன்.

"கையெழுத்து இருக்கா இல்லையா? அதச் சொல்லுங்க."

அவரே என் நம்பரைச் சுழற்றி ரிசீவரை என் கையில் கொடுத்தார். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. பதினோரு வருடம் நான் இறைத்த ராட்டினம்! "யாரு வேணும்?" என்றாள். நான்தான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன்.

லைன்மேனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அந்த நம்பர்னா அந்த வீடுதான். நேத்தா இன்னைக்கா, பதினோரு வருசமா அங்கதான இருக்கு" என்றார். சீட்டில் எழுதியிருந்த விலாசத்தை அவர் படிக்கவே இல்லை. எல்லா வீடும் அத்துப்படியாம்!

நேராகப் பழைய வீட்டுக்குப் போனேன். புதிதாகக் குடிவந்திருந்த ராணி நல்ல பெண்தான். கொல்லையில் இருக்கும் முருங்கை மரம் மாதிரி போனும் வீட்டோடு சேர்ந்தது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எனக்கு ஏதாவது போன் வந்ததா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமையானா ஒரு பொண்ணு கூப்புடும்க்கா. அம்மா இருக்காங்களான்னு கேக்கும். அப்படி யாரும் இங்க இல்லம்மானு வச்சிருவேன். போன வாரம் எதுவும் கேக்கல. செத்த நேரம் அழுதுச்சு... நாந்தான் ராங் நம்பர்னுட்டேன்."

திரும்பவும் ஆபீஸுக்கு நடந்தேன். கிளார்க் பரிகாரம் தயாராக வைத்திருந்தார். புதிதாக விண்ணப்பம் எழுதவேண்டுமாம், முதலில் அங்கே வெட்ட வேண்டுமாம். "நாளைக்குக் காலைலயே ஆள் அனுப்பி வெட்டிருவோம்" என்றார் பெருமையாக.

"வெட்டாதீங்க" என்றேன்.

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே தெரியாது. "ஞாயித்துக்கிழமை தாண்டுற வரைக்கும் எவனும் அந்த வயர்ல கை வைக்கக் கூடாது" என்றேன். இத்தனை நாள் கொடு கொடு என்றவள் இன்று வெட்டாதே என்கிறாளே என்று கிளார்க் வாயைப் பிளந்தார். விளக்கம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இந்த முறை அவரை ஓரமாக நிற்க வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை ராணி ஸ்டூல் போட்டு என்னைப் போனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ரேடியோவை அணைத்தாள். பத்தரைக்கு மணி அடித்தது.

"அம்மாதான்டி" என்றேன்.

அந்தப் பக்கம் விசும்பல்தான் கேட்டது. மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் அதற்கே போயிற்று. பிறகு, "நான் அங்க வந்துரட்டாம்மா?" என்றாள்.

"வா" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் கொடுத்த தந்தியைப் பார்த்து என் வீட்டுக்காரர் மைசூரிலிருந்து நேரே நாக்பூர் போய் அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

நாக்பூரிலிருந்து என் மகள் இரண்டே நாளில் வந்து சேர்ந்துவிட்டாள். நாகல் நகரிலிருந்து என் போன் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.